இமெல்டா கதைத்த கதை

நீதிமன்றம் இமெல்டாவுக்கு ஒரு புதுப் பெயர் வைத்தது. தண்ணீர் தெளிக்கவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றவில்லை, ஞானத்தாய் என்று ஒருத்தியும் பக்கத்தில் நிற்கவில்லை. ஒரு கடிதம் வந்தது. அதில் அவள் பெயர் டீ.கியூ.எக்ஸ். பத்தொன்பது என்று இருந்தது. இனி வழக்கு முடியும்வரை அவள் அதுதான்.

காரணம் கேட்டால் மனம் உருகிவிடும். அவளுடைய சொந்தப் பெயர் தீர்ப்பில் அச்சாகி, மன்னாரில் யாராவது அதைப் பார்த்து, அவளுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதாம். அவ்வளவு அக்கறை. மன்னாருக்குத் திரும்பிப் போனால் அவளுக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று பதினெட்டுப் பக்கத்தில் எழுதிக் கொடுத்த அதே நாட்டில்தான் இந்த அக்கறையும் இருந்தது.

"எடியே டீக்கியூ, தேத்தண்ணி ஊத்தவோ?" என்று அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் வதனி அக்கா அன்று மாலையே தொடங்கிவிட்டாள்.

"சும்மா இருங்கோ அக்கா. நானே விசர் பிடிச்சுப்போய் இருக்கிறன்."

"ஏன் பிள்ளை, நல்ல பேர்தானே? அமைச்சரோட வழக்காடுறவளுக்கு இமெல்டா எண்ட பேர் போதுமோ?"

அமைச்சரோடு வழக்கு என்பது உண்மைதான். தாள்களில் அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் டீ.கியூ.எக்ஸ். பத்தொன்பது, மறு பக்கம் ஆஸ்திரேலிய நாட்டின் குடிவரவு அமைச்சர். மெல்பேர்ன் புறநகரான டண்டினோங்கில் கோழி வெட்டும் தொழிற்சாலையில், தலைகீழாகத் தொங்கி வரும் கோழிகளின் கால்களைப் பிரிக்கும் வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு இதைவிடப் பெரிய எதிரியை யாரால் கொடுக்க முடியும்? அந்தக் கோழிகளுக்கு மேன்முறையீடு கிடையாது. இமெல்டாவுக்கு இருந்தது. அந்த ஒரு வித்தியாசத்தில் அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

அவள் கதை நீளமானது, ஆனால் சுருக்கமாகவும் சொல்லிவிடலாம். கணவன் சூசைதாசன் கடலுக்குப் போகிறவன். சண்டைக் காலத்தில் இயக்கப் பெடியள் துவக்கைக் காட்டிக் கேட்டபோது, தன் படகில் அவர்களை ஏற்றி இறக்கினான். சண்டை முடிந்து, ஊர் திரும்பி, புது வலையும் வாங்கிய பிறகு, ஒரு நாள் காலையில் வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் 'ஒரு சின்ன விசாரணை' என்று அவனைக் கூட்டிப் போனார்கள். அந்தச் சின்ன விசாரணை இன்னும் முடியவில்லை. இமெல்டா அவனைத் தேடி இராணுவ முகாமுக்குப் போனாள். போனதற்குப் பலனாக, அவளைத் தேடி அவர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் வந்தவன் கதவைச் சாத்திவிட்டு நின்று ஏசினான். அடுத்த முறை ஏச்சோடு போகமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிரான்சில் இருந்த தம்பி எப்படியோ விசா எடுத்து அவளை இந்த நாட்டுக்கு ஏற்றிவிட்டான். வந்து பாதுகாப்பு விசா கேட்டாள்.

குடிவரவுத் திணைக்களம் இல்லை என்றது. தீர்ப்பாயத்துக்குப் போனாள். அங்கேதான் அந்த விசேஷம் நடந்தது.

தீர்ப்பாயத்தில் அவளை விசாரித்தவர் சாந்தமான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போடுகிறவர். மொழிபெயர்ப்பாளர் நேரில் இல்லை. மேசையில் இருந்த தொலைபேசிக்குள் இருந்தார். சென்னைப் பக்கத்துப் பெண் குரல். தேன் மாதிரி.

"பயப்படாதீங்க மேடம். நிதானமா சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போனதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

"நான் முகாமுக்குப் போய் அந்தப் பெரியவனோட கதைச்சனான்."

தொலைபேசி ஒரு கணம் யோசித்தது. பிறகு ஆங்கிலம் போனது. கண்ணாடிக்காரர் பேனாவை எடுத்தார்.

"என்ன கதை சொன்னீங்கன்னு கேக்கறாரு மேடம்."

விவரம் கேட்கிறார், நல்ல மனிதர் என்று இமெல்டா நினைத்தாள். "எல்லாக் கதையும் கதைச்சனான். கெஞ்சிக் கெஞ்சிக் கதைச்சனான்."

மறுபடி ஆங்கிலம். பேனா ஓடியது.

"அதுக்கு அவங்க என்ன பண்ணாங்க?"

"பேசினவங்கள். பிறகு வீட்டையும் வந்து நல்லாப் பேசினவங்கள்."

"ஓ! நல்லா பேசினாங்களா?"

"ஓம். நல்லாப் பேசினவங்கள்," என்று சொல்லி இமெல்டா அழுதாள். கண்ணாடிக்காரர் அவளுக்குக் கைதுடைக்கும் தாளை நீட்டினார். நல்லவிதமாகப் பேசிய ஆட்களை நினைத்து ஒரு பெண் ஏன் அழுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. அழுகை எல்லா விண்ணப்பதாரருக்கும் பொது.

குற்றம் யாருடையது? யாருடையதும் இல்லை. இமெல்டாவின் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. பேசுவது என்றால் ஏசுவது. 'அம்மா பேசுவா' என்று பிள்ளை பயந்தால், தாய் கையில் அகப்பை இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தொலைபேசிப் பெண்ணின் ஊரில் பேசுவது பேசுவதுதான். கதை என்றால் பாட்டி சொல்வது, இல்லாவிட்டால் பொய்க்காரன் விடுவது. இரண்டுமே தமிழ்தான். நடுவில் கொஞ்சம் கடல்.

தீர்ப்பாயத்தின் முடிவு தபாலில் வந்தது. ஆங்கிலம். இமெல்டாவின் ஆட்கள் இப்படியான முடிவுகளை வாசிக்கும் முறை ஒன்று உண்டு. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியைப் பார்ப்பார்கள். 'மறுப்பு உறுதி செய்யப்படுகிறது' என்று இருந்தால் மூடி வைத்துவிட்டு அழுவார்கள். சாவு வீட்டில் உடலைத் திறந்து எப்படிச் செத்தது என்று யாரும் பார்ப்பதில்லை அல்லவா? அப்படித்தான் அவளும் அழுதாள். நடுப்பக்கங்களில் தான் எப்படிக் கொல்லப்பட்டாள் என்று அவளுக்குத் தெரியாது.

இனி நீதிமன்றம் மட்டும்தான். விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கிற ஒருவர் அவளுக்கும் எழுதிக் கொடுத்தார். எல்லாருக்கும் எழுதுவதையே எழுதினார்: 'தீர்ப்பாயம் சட்டப் பிழை விட்டது.'

"என்ன பிழை அண்ணை?" என்று இமெல்டா கேட்டாள்.

"அதைக் கண்டுபிடிக்கத்தானே நீதிபதிக்குச் சம்பளம்?"

அதன் பிறகு வருடங்கள் போயின. கோழிகள் வந்தன, போயின. அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு அமைச்சர் மாறும்போதெல்லாம் வதனி அக்கா, "உன்னோட ஏலாமல் ஓடிட்டான்" என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இமெல்டா பூசைக்குப் போய் முழங்காலில் நிற்பாள். ஆனால் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியாது. சூசைதாசனின் ஆத்துமா இளைப்பாற்றி அடைய வேண்டுமா, சூசைதாசன் கால் நடையாகத் திரும்பி வர வேண்டுமா? இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் கடவுள் என்ன நினைப்பார்? ஒன்றும் கேட்காமல் எழும்பி வந்துவிடுவாள். வழக்கு எந்த நாளில் கூப்பிடுவார்கள், கூப்பிட்டுத் தோற்றால் எந்த விமானத்தில் ஏற்றுவார்கள், இறங்கும் இடத்தில் யார் நிற்பார்கள் என்பதை மட்டும் நினைத்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றவனின் முகம் அவளுக்கு மறக்கவில்லை.

கடைசியில் கூப்பிட்டார்கள்.

மெல்பேர்ன் நகரத்து நீதிமன்றம். பெரிய கண்ணாடிக் கட்டடம். வெளிப்படைத்தன்மைக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அமைச்சர் வரவில்லை. அவர் சார்பில் ஹாலோரன் என்ற வழக்கறிஞர் வந்திருந்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சிவந்த முகத்தோடு. இமெல்டாவின் சார்பில் இமெல்டா வந்திருந்தாள். வதனி அக்கா பின் வரிசை வாங்கில், கைப்பையில் மடுமாதா படத்தோடு. இந்த முறை மொழிபெயர்ப்பாளர் நேரில் வந்திருந்தார். மட்டக்களப்புப் பக்கத்து அம்மா, தடித்த கண்ணாடி, வெள்ளைச் சட்டை.

நீதிபதி நரைத்த தலையுள்ள பெண். அன்பாகத்தான் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அம்மா அதைத் தமிழில் சொன்னார்: "உங்களுக்கு ஆபத்து இருக்குதா இல்லையா எண்டு நான் முடிவெடுக்கேலாது. நீங்க சொல்லுறது உண்மையா எண்டும் நான் பார்க்கேலாது. தீர்ப்பாயம் சட்டப்படி நடந்துதா எண்டு மட்டும்தான் பார்க்கலாம்."

இமெல்டா கேட்டாள்: "அவையள் பிழையான முடிவெடுத்திருந்தால்?"

"பிழையான முடிவெடுக்க அவைக்கு உரிமை இருக்குதாம். அதைச் சட்டப்படி எடுத்தவையா எண்டதுதான் கேள்வியாம்."

இதைக் கேட்க இத்தனை வருடம். கோழித் தொழிற்சாலை மேற்பார்வையாளன்கூட இவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை.

"தீர்ப்பாயம் என்ன பிழை விட்டது எண்டு நீங்க சொல்லுறீங்க?" என்று கேள்வி வந்தது.

இமெல்டா எழும்பினாள். பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "என்ர கதையை ஒருத்தரும் கேக்கேல்லை அம்மா. நான் கதைச்சதைக் காதில வாங்காமல் எழுதிப்போட்டினம்."

ஹாலோரன் பணிவாக எழும்பினார். தீர்ப்பாயம் அவளுக்குப் பேச எல்லா வாய்ப்பும் கொடுத்தது என்றார். அதற்குச் சாட்சியாக முடிவின் நடுப் பக்கத்திலிருந்து ஒரு பத்தியை வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் அம்மா அதை இமெல்டாவின் காதுக்குப் பக்கத்தில் தமிழாக்கினார். சொல்லச் சொல்ல அவருடைய குரலே தடுமாறியது.

"'இராணுவ அதிகாரியிடம் தான் பலவகையான கட்டுக்கதைகள் சொன்னதாக விண்ணப்பதாரரே ஒத்துக்கொண்டார். எனவே அவர் நம்பத்தகுந்தவர் அல்ல. மேலும், வீட்டுக்கு வந்த இராணுவத்தினர் தன்னோடு நல்ல முறையில் உரையாடியதாகவும் அவரே சொன்னார். ஆகவே அவருக்கு ஆபத்து இல்லை.'"

ஒரு பெண் தன் மரணச் சான்றிதழை முதன்முதலாக வாசிக்கக் கேட்டால் எப்படி நிற்பாள்? இமெல்டா அப்படி நின்றாள். பிறகு அந்த அமைதியான மண்டபத்தில், கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவளின் தொண்டை திறந்தது.

"ஆர் சொன்னது? நான் கட்டுக்கதை சொன்னனானோ? நான் கதை சொல்லேல்லை. கதைச்சனான்! கதைச்சனான்! அவங்கள் என்னோட நல்லா உரையாடினவங்களோ? பேசினவங்கள்! என்ர தாயைச் சொல்லிப் பேசினவங்கள்!"

"விண்ணப்பதாரர் என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா வாயைத் திறந்தார். மூடினார். 'நான் பேசவில்லை, பேசினேன்' என்று சொல்வதா? 'அவர்கள் பேசவில்லை, பேசினார்கள்' என்று சொல்வதா? கடைசியில், தன் சார்பில் ஒரு விளக்கம் சொல்ல அனுமதி கேட்டார். கிடைத்தது. கதைப்பது, பேசுவது என்ற இரண்டு சொற்களையும் இரண்டு கைகளிலும் தூக்கிக் காட்டுவதுபோல விளக்கினார்.

"அப்படியானால் இந்தச் சொற்களுக்குச் சரியான அர்த்தம் எது?" என்றார் நீதிபதி.

"அது கடலுக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது, கனம் நீதிபதி அவர்களே."

நீதிபதி ஹாலோரனைப் பார்த்தார். "தீர்ப்பாயத்து மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்று அமைச்சருக்குத் தெரியுமா?"

அமைச்சருக்குத் தெரியாது. ஹாலோரனுக்கும் தெரியாது. அவருடைய முகம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. பாவம், அவர் வாசித்திருக்கவே தேவையில்லை. வாசிக்காமல் உட்கார்ந்திருந்தால் அன்று மதியத்துக்குள் வென்றிருப்பார்.

வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. கட்டணம் வாங்காத ஒரு வழக்கறிஞரை நீதிமன்றமே பிடித்துக் கொடுத்தது. தீர்ப்பாயத்து ஒலிப்பதிவை வேறொருவர் கேட்டுப் புதிதாக மொழிபெயர்த்தார். சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இமெல்டா சொன்னது உண்மை என்று தான் சொல்லவில்லை என்று நீதிபதி மிகக் கவனமாகச் சொன்னார். அவள் சொன்னது என்னவென்றே இதுவரை யாரும் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னார். அதனால் தீர்ப்பாயத்தின் முடிவு செல்லாது.

டண்டினோங்கில் கேக் வெட்டினார்கள். ரோல்ஸ், பற்றீஸ், கோழிக்கறி. கோழியை மட்டும் இமெல்டா தொடவில்லை. 'வாழ்த்துகள் டீக்கியூ' என்று கேக்கில் எழுதுவித்திருந்தாள் வதனி அக்கா.

"அப்ப விசா எப்ப தருவினம்?" என்று வந்திருந்த ஒருவர் கேட்டார்.

"விசாவோ? இல்லை அண்ணை. திரும்பவும் தீர்ப்பாயத்துக்குப் போகோணுமாம். முதலிலயிருந்து."

"அப்ப இவ்வளவு வருசமும் என்னத்தை வெண்டனீங்கள்?"

"திரும்பக் கதைக்கிறதுக்கு உரிமையை வெண்டிருக்கிறன்."

அவர் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். துக்க வீட்டுத் தலையாட்டல்.

எதிலும் முன்யோசனை உள்ளவள் வதனி அக்கா. பின்னேரம் முழுக்கச் சென்னைத் தொடர் நாடகங்கள் பார்க்கிறவள். "பிள்ளை, இந்த முறை நாங்கள் ஏமாறக் கூடாது. அங்க போய் 'கதைச்சனான்' எண்டு வாயே திறக்காதை. இனி நீ சென்னைக்காரி. எங்க, சொல்லு பார்ப்பம்: 'நான் அவருகிட்ட பேசினேங்க.'"

"நான் அவருகிட்ட பேசினேங்க."

"முகத்தை அப்படி வச்சுக்கொண்டு சொல்லாதை. மாமியாரிட்ட அடி வாங்கின மருமகள் மாதிரிச் சொல்லு."

"அக்கா, எனக்கு மாமியார் அடிச்சதே இல்லை."

"நாடகத்தில எல்லாருக்கும் அடிக்கிறவை. சொல்லு!"

இமெல்டா சொன்னாள். கோழிக்கால்களைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். ரயிலில் வாய்க்குள் சொன்னாள். 'அப்புறம்' பழகியது. 'வீட்டுக்காரரு' பழகியது. அவள் உயிர் இந்தச் சொற்களில்தான் தொங்கியது; அதனால் செபமாலை சொல்வதுபோலச் சொன்னாள்.

புது விசாரணை நாள் வந்தது. இந்த முறை எதிரில் இருந்தவள் இளம் பெண். மேசையில் அதே தொலைபேசி. உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், வானொலிச் செய்திபோலச் சுத்தமாக: "வணக்கம். இன்றைய விசாரணைக்கு நான் மொழிபெயர்ப்பாளர். நான் சொல்வது உங்களுக்கு விளங்குகிறதா?"

"விளங்குதுங்க," என்றாள் இமெல்டா, மருமகள் முகத்தோடு.

கேள்விகள் வந்தன. கணவனைக் கூட்டிப்போன பிறகு என்ன செய்தாள்? இதுதான் அந்த இடம். பயத்தில் பாதி சென்னையும் பாதி மன்னாரும் ஒன்றாக வாய்க்குள் வந்து மோதின.

"அப்புறம் நான் முகாமுக்குப் போய் அந்த அதிகாரியைப் பேசினேங்க."

தொலைபேசி யோசித்தது. ஆங்கிலம் போனது. அந்த இளம் பெண்ணின் புருவம் உயர்ந்தது.

"ஓர் இராணுவ அதிகாரியை நீங்கள் பேசினீர்களா என்று கேட்கிறார்."

"ஆமாங்க. நல்லா பேசினேன்."

"பயப்படாமலா?"

"பயந்து பயந்துதாங்க. கெஞ்சிக் கெஞ்சிப் பேசினேன்."

புருவம் இன்னும் உயர்ந்தது. துப்பாக்கி வைத்திருந்த ஒருவனை, அவன் முகாமிலேயே போய், கெஞ்சிக் கெஞ்சி ஏசிய பெண்ணை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை போலும். பேனாவைக் கையில் எடுத்தாள்.

அந்தப் பேனாவை இமெல்டாவுக்குத் தெரியும். இதேபோலத்தான் அன்றும் ஒரு பேனா எழும்பியது. அவள் சட்டென்று கையைத் தூக்கினாள்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ. நீங்கள் எந்த ஊர்?"

"மன்னிக்கோணும் அம்மா. என்னைப் பற்றி நான் இஞ்ச கதைக்கக் கூடாது."

கதைக்க.

இமெல்டா சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ஒரு தடவையும் அது இப்படிக் கையைப் பிடித்ததில்லை. ஏன் அழுகிறாள் என்று அந்த இளம் பெண் கேட்டாள். கேட்டதே பெரிய விஷயம்.

"நான் இப்ப சொன்னதைத் திருத்தோணும் எண்டு சொல்லுங்கோ தம்பி," என்றாள் இமெல்டா. சென்னையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். "நான் அந்தப் பெரியவனைப் பேசேல்லை. அவன்தான் என்னைப் பேசினவன், தூசணத்தால. நான் அவனோட கதைச்சனான். கதைச்சது மட்டும்தான்."

ஆங்கிலம் போனது. பேனா மேசையில் இறங்கியது. இளம் பெண் முன்னால் சாய்ந்து ஏதோ கேட்டாள்.

"அவரோட என்ன கதைச்சனீங்கள் எண்டு கேக்கிறா."

திணைக்களத்தில் கேட்கவில்லை. முதல் தீர்ப்பாயத்தில் கேட்டது வேறு கேள்வி. நீதிமன்றத்தில் கேட்க உரிமை இல்லை. இமெல்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முகாம் வாசலில் நின்றவளின் குரலில் சொன்னாள்:

"'ஐயா, என்ர மனுசன் உயிரோட இருக்கிறாரோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ. அவரைத் தராட்டியும் பரவாயில்லை. அவற்ற ஆத்துமாவுக்குப் பூசை குடுக்கிறதோ, திரும்பி வரோணும் எண்டு மடுமாதாவுக்கு நேத்தி வைக்கிறதோ எண்டு எனக்குத் தெரியோணும். கோயிலுக்குப் போனால் என்னத்தை மன்றாடுறது எண்டு தெரியாமல் நிக்கிறன்' எண்டு கதைச்சனான்."

மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் இருக்கிறாரா என்று அந்த இளம் பெண் கேட்டாள். இருந்தார். ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

அந்த இளம் பெண் எழுதவில்லை. பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள்.

"பிறகு என்ன நடந்தது எண்டு கேக்கிறா," என்றது தொலைபேசி. செய்தி வாசித்த குரல் அதில் இப்போது இல்லை. "அவசரமில்லையாம். நீங்கள் கதையுங்கோ அம்மா."